தட்டில் இருந்த எழுத்து

பேரவை ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார். "அக்கா, நீங்க இன்ஜினியரா வந்த கதையை எழுதுங்க. படிக்கிற பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். உற்சாகமூட்டும் கதை எதுவும் நினைவுக்கு வரவில்லை. நான் செய்த ஒரு தவறும், அந்தத் தவற்றை மூன்று நாள் மூடி மறைத்ததும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. ஆகவே அதையே எழுதுகிறேன். இது ஒரு பழைய லேண்ட் ரோவருக்குக் கிளட்ச் மாட்டிய கதை.

எங்கள் வீடு கேமரன் மலையில், ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் வேலியில் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். பிறகு கொஞ்ச காலம் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, சரிவில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார். கோஸ், தக்காளி, சவிக்கீரை. இவற்றை நம்பித்தான் நானும் தம்பியும் படித்தோம்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வேறெங்கும் காணாத அளவுக்கு அங்கே பழைய லேண்ட் ரோவர்கள் ஓடும். கூரையில்லாமல், கதவில்லாமல், பின்னால் காய்கறிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு புகை கக்கியபடி ஏறும். அதற்குக் காரணம் உண்டு. லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்து இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். எங்கள் ஊர் மழைக்கு எஃகுத் தகடு தாங்காது, அலுமினியம் தாங்கும். நான்கு சக்கரமும் இழுக்கும், தாழ்ந்த கியர் உண்டு, எந்தப் பாகத்தையும் சாதாரண ஸ்பானரால் கழற்றலாம். தோட்டக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பாவின் வண்டி 1976-இல் செய்தது. 1971 முதல் 1985 வரை தயாரான மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின், 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வண்டி. எங்கள் கையில் வருவதற்கு முன் எத்தனை பேர் ஓட்டினார்களோ தெரியாது. தோட்டத்திலிருந்து சாலையோரம் வரை காய்கறியை இறக்குவது அதன் வேலை. அங்கிருந்து லோரி ஏற்றிக்கொண்டு, தாப்பா வழியாக இறங்கி, இரவோடு இரவாகச் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும். லோரி யாருக்காகவும் காத்திருக்காது.

2004-ஆம் ஆண்டு. நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு நீண்ட விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். வந்த வாரமே வண்டிக்குக் கிளட்ச் போய்விட்டது. பாரத்தோடு மேடு ஏறினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. எரிந்த வாடை வரும்.

கிளட்ச் என்றால் என்ன என்று அறியாத நண்பர்களுக்காக இரண்டு வரி. இன்ஜினின் பின்புறம் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் உராய்வுத் தட்டு ஒன்றை அழுத்தத் தகடு இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தத் தட்டின் வழியாகத்தான் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியாகக் கீழ்ச் சிலிண்டருக்குப் போய், ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி ஒரு கவையைத் தள்ள, அழுத்தத் தகடு பின்வாங்கும், தட்டு விடுபடும். அப்போதுதான் கியர் மாற்ற முடியும். கிளட்சுக்கு முக்கியமாக இரண்டு நோய்தான். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவது. மற்றொன்று, விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொள்வது. எங்கள் வண்டிக்கு முதல் நோய். தட்டு தேய்ந்துவிட்டது.

வழக்கமாக ரிங்லெட்டில் பட்டறை வைத்திருந்த மாமாதான் பார்ப்பார். அவர் கண் அறுவை சிகிச்சைக்காக ஈப்போ போயிருந்தார். இரண்டு வாரமாகும் என்றார்கள். வேறு பட்டறையில் கேட்ட கூலி அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை.

"நானே மாட்டுறேன்ப்பா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா மட்டும் சிரித்தார். "பொம்பளப் பிள்ளை கியர்பாக்ஸ் எறக்கப் போகுதாம்லா! பேனா புடிக்கிற கை ஸ்பானர் புடிக்குமா?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கேலி செய்துவிட்டு, இறக்கும்போது தோள் கொடுக்க வந்தவரும் அவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வகுப்பில் பெண்கள் மிகச் சிலர். பயிற்சிப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் அருகே நான் போனாலே யாராவது ஒருவன் "நகரு, நான் செய்றேன்" என்பான். இந்த வண்டியை ஓட வைத்துக் காட்டினால் அத்தனை பேருக்கும் பதில் சொன்னதாகும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை தொடங்கினோம். தம்பிக்குப் பள்ளி இல்லை. லேண்ட் ரோவரில் கிளட்சைத் தொட வேண்டுமானால் முதலில் வண்டியின் உள்ளே பாதியைப் பிரிக்க வேண்டும். இருக்கை, தரைத் தகடு, நடுவில் இருக்கும் மூடி, இருக்கைப் பெட்டி எல்லாம் வெளியே வரவேண்டும். இருபத்தெட்டு ஆண்டுத் துருவில் பாதி போல்ட் சுற்றாது, மீதி உடைந்துபோகும். பிறகு முன்னும் பின்னும் உள்ள சுழல்தண்டுகள், கைப்பிரேக் இணைப்பு, வேகமானிக் கம்பி, கீழ்ச் சிலிண்டர். எல்லாம் கழற்றிய பின், மரக்கட்டைகளை முக்காலியாகக் கட்டிச் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, கியர்பாக்ஸை மெல்லத் தூக்கிப் பின்னால் நகர்த்தினோம். சித்தப்பாவும் பக்கத்துத் தோட்டத்துச் சீன அங்கிளும் வந்து கை கொடுத்தார்கள்.

நான் நிறையப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய எண்ணெய் கசிந்து புதுத் தட்டைக் கெடுத்துவிடக்கூடாது என்று இன்ஜினின் பின் சீலைச் சோதித்தேன். கிராங்கின் முனையில் இருக்கும் சிறிய வெண்கலப் புஷ்ஷை மாற்றினேன். மாட்டுவதற்கு முன் அதை எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஃபிளைவீலின் முகத்தைத் துடைத்து, பிசுக்கு இல்லாமல் செய்தேன். தட்டு மையத்தில் நிற்பதற்காகத் தம்பி ஒரு மரக்குச்சியைச் செதுக்கித் தந்தான். பெரிய காரியங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன்.

புதுத் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தவர் அப்பா. கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பாப்பா, இதுல ஏதோ எழுதியிருக்கு பாரு. என்னான்னு படி."

நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். கண்ணில் துரு விழுந்து எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கம்பெனி பேருப்பா. குடுங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா கொடுத்தார். நான் மாட்டினேன். ஆறு போல்ட்டுகளையும் குறுக்கு நெடுக்காக, கொஞ்சங் கொஞ்சமாக, புத்தகத்தில் சொன்னபடியே இறுக்கினேன். ஞாயிறு மாலைக்குள் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்தது. திங்கட்கிழமை மற்றவற்றை எல்லாம் மாட்டி முடித்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். மிதியை அழுத்திக் கியரைத் தள்ளினார். பற்களை நறநறவென்று கடிக்கும் ஓசை. மறுபடியும் தள்ளினார். அதே ஓசை. இன்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வெண்ணெய் போல விழுந்தது. முதல் கியரில் வைத்து, மிதியை முழுதாக அழுத்திக்கொண்டே இன்ஜினை முடுக்கினால் வண்டி முன்னால் துள்ளியது. முதல் நோய் போய் இரண்டாவது நோய் வந்துவிட்டது. கிளட்ச் விடவில்லை.

"காத்து புடிச்சிருக்கும்ப்பா. எண்ணெய்க் குழாயைக் கழட்டுனோம்ல" என்றேன். அது பொய்யன்று. குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் மிதியின் அழுத்தம் கம்பிக்குப் போகாது. கிளட்ச் விடாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தம்பி பள்ளிக்குப் போய்விட்டான். அப்பாவை மிதிக்கச் சொல்லி, நான் கீழே படுத்துக் காற்றை வெளியேற்றினேன். பிறகு எஃகு அளவுகோலை எடுத்துக் கீழ்ச் சிலிண்டரின் கம்பியருகே வைத்து, "மிதிங்கப்பா" என்றேன். கம்பி நகர்ந்தது. அரை அங்குலத்துக்கு மேல் நகர்ந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். அதே அளவு. மூன்றாம் முறையும் அதே அளவு.

நண்பர்களே, அந்த அளவுகோல் என்ன சொன்னது என்று விளக்கிவிடுகிறேன். மிதியிலிருந்து கம்பி வரை உள்ள அத்தனை பாகமும் தன் வேலையைச் செய்கிறது என்று சொன்னது. மேல் சிலிண்டரும் கீழ்ச் சிலிண்டரும் நன்றாக இருக்கின்றன. குழாயில் காற்று இல்லை. கம்பி முழுத் தூரம் போயும் கிளட்ச் விடவில்லை என்றால், கோளாறு கியர்பாக்ஸின் முன்கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. நான் கை வைத்த இடத்தில் இருக்கிறது.

உராய்வுத் தட்டின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கம் சற்றே தட்டை. மறு பக்கம் புடைத்திருக்கும். புடைப்பு கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் அது ஃபிளைவீலின் போல்ட் தலைகளில் இடித்துக்கொண்டு நிற்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் தட்டு விடுபடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்திருந்தேன். மாட்டும்போது பார்க்கத்தான் இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது: "இதுல ஏதோ எழுதியிருக்கு பாரு."

அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேலே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா நின்றிருந்தார். "என்னாச்சு, இன்ஜினியர் அம்மா?" என்றார். என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை:

"மேல் சிலிண்டர் போச்சு சித்தப்பா. பழசுல்ல. மாத்தணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நம்பினார். வீட்டுக்குள் போய்ப் பணம் எடுத்து வந்து கொடுத்தார். நான் பேருந்து ஏறி ஈப்போ போய், உதிரிப்பாகக் கடையில் மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர், ரப்பர் குழாய் மூன்றையும் வாங்கினேன். 265 ரிங்கிட். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம், 'ஒருவேளை புதுச் சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுமோ, ஒருவேளை சரியாகிவிடுமோ' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறியியல் படித்த எவரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய தேவை எனக்கு இருந்தது.

புதன்கிழமை. மேல் சிலிண்டரை மாற்றுவது எளிதன்று. மிதியிருக்கும் பெட்டியோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். மதியம் வரை அதிலேயே போனது. அதன் பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. நான் கீழே. அப்பா மேலே. "அழுத்துங்க." "விடுங்க." "அழுத்துங்க." "விடுங்க."

அப்பாவுக்கு இடது முழங்காலில் அடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் சரிவிலிருந்து வழுக்கி விழுந்தது. கிளட்ச் மிதி இடது காலுக்கு. அன்று பிற்பகல் முழுவதும் அவர் மிதித்தார். நூறு முறைக்கு மேல் இருக்கும். மழை வந்தது, கூரையடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் மிதித்தார். ஒரு முறை மட்டும் "கொஞ்சம் இரும்மா" என்று காலை நீட்டித் தேய்த்துக்கொண்டார். கீழே படுத்திருந்த எனக்கு அவருடைய ரப்பர் காலணி மட்டும்தான் தெரிந்தது. அந்த எண்ணெயில் காற்று இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "அழுத்துங்க" என்றேன்.

மாலையில் இன்ஜினை முடுக்கினோம். அதே நறநற ஓசை.

வியாழக்கிழமை சவிக்கீரை அறுப்பு. கீரை காத்திருக்காது, ஒரு நாள் தள்ளினால் தண்டு முற்றும், தவுக்கே விலையைக் குறைப்பார். சீன அங்கிள் தன் வண்டியில் ஒரு நடை ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கும் அன்று அறுப்பு இருந்தது. "பெலும் சியாப் கா?" என்று அன்போடுதான் கேட்டார். இன்னும் தயாராகவில்லையா என்றால் என்ன பதில் சொல்வது? மீதியை அப்பாவும் அம்மாவும் தலையிலும் தோளிலும் சுமந்து சாலைக்கு இறக்கினார்கள். நானும் சுமந்தேன். லோரி புறப்பட்டபோது பதினொரு கூடை மேலேயே கிடந்தது. அப்பா அந்தக் கூடைகளின் மீது சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு, படிக்கட்டில் பக்கவாட்டாக, ஒரு காலை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தார்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அம்மா அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை வீடு முழுவதும் இருந்தது. நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, சிலிண்டர்ல கோளாறு இல்ல. தட்டைத் திருப்பி மாட்டிட்டேன்னு நெனைக்கிறேன்."

"எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. ரூல் வெச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"அப்போ நேத்து முழுக்க நான் மிதிச்சது?"

என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பதில் இல்லை.

அம்மா தைலப் புட்டியை மூடிவிட்டு எழுந்து போனார். அப்பா விளக்கை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு யாரோ தோளைத் தட்டினார்கள். அப்பா. கையில் ஸ்பானர் இருந்தது. "எந்திரி. மழைக்கு முன்ன எறக்கணும்" என்றார். அவ்வளவுதான். சித்தப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். "தட்டைத் திருப்பி மாட்டிட்டேன் சித்தப்பா. மறுபடி எறக்கணும். வந்து ஒரு கை குடுங்க." அவர் சிரிப்பார் என்று பயந்தேன். "அட, இவ்ளோதானா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். எந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று நாள் பொய் சொன்னேனோ, அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

இரண்டாம் முறை எல்லாம் வேகமாகக் கழன்றது. துருப்பிடித்த போல்ட்டுகளை முதல் முறையே மாற்றியிருந்தோம். பதினொரு மணிக்குக் கியர்பாக்ஸ் பின்னால் நகர்ந்தது. ஆறு போல்ட்டையும் கழற்றித் தட்டை எடுத்தேன். நடுப்புடைப்பில் பளபளவென்று தேய்ந்த வட்டம். ஃபிளைவீல் போல்ட் தலைகளிலும் அதே கீறல். தட்டைத் திருப்பினேன். கியர்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் சிறிய வெள்ளை எழுத்துகள்.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"ஃபிளைவீல் சைட்" என்று படித்தேன். "ஃபிளைவீல் பக்கம்னு அர்த்தம்ப்பா."

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைக் கண்டது அவர்தான். படிக்கத் தெரியாததால் படிக்கச் சொன்னார். படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை. பல்கலைக்கழகம் வரை போன பெண்ணுக்கும் ஆறாம் ஆண்டோடு நின்றவருக்கும் அன்று இருந்த வேறுபாடு இதுதான்.

தட்டு கெடவில்லை. கீறலைத் துடைத்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்து, சரியான பக்கமாக மாட்டினோம். கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது அதன் முழு எடையும் தட்டின்மேல் தொங்கிவிடாதபடி சித்தப்பா செயின் பிளாக்கைப் பிடித்துக்கொண்டார். எடை தொங்கினால் தட்டின் நடு வளைந்துவிடும். அப்புறம் சரியாக மாட்டியும் கிளட்ச் விடாது. சனிக்கிழமை மதியம் அப்பா ஏறி மிதியை அழுத்தினார். ஒரே முறை. கியர் ஓசையின்றி விழுந்தது. வண்டி மேட்டில் ஏறிப் போனது. நான் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

பட்டறை மாமா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பியதும் கதையைக் கேட்டார். "நானும் கத்துக்கிட்ட காலத்துல ரெண்டு தடவை அப்படி மாட்டியிருக்கேன் பாப்பா. மொதல் தடவை பட்டறைக்காரரு அடிச்சாரு. ரெண்டாவது தடவை நானே போயி மொதல்ல சொல்லிட்டேன், அடிக்கல" என்றார். மாற்றிய சிலிண்டர்களில் பழைய இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிப் பேசினார். ஆனால் அந்த 265 ரிங்கிட்டும் பதினொரு கூடைக் கீரையும் தவற்றுக்கான விலை அல்ல என்பது எனக்குத் தெரியும். தவற்றின் விலை ஒரு நாள் வேலைதான். மற்றதெல்லாம் மறைத்ததற்கான விலை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றால் என்னைத்தான் அழைப்பார்கள். போனதும் முதலில் நான் கேட்கும் கேள்வி, "கடைசியா இதுல யாரு என்ன செஞ்சது?" என்பதுதான். நேற்று வரை ஓடிய இயந்திரம் இன்று நின்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஆனால் பதில் வராது. எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் இந்தக் கிளட்ச் கதையைச் சுருக்கமாகச் சொல்வேன். சொல்லி முடித்ததும் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ மெதுவாக, "நேத்து நான்தான் சென்சாரை மாத்துனேன்" என்பார்கள். பிறகு வேலை பத்து நிமிடம்தான்.

பேரவைத் தம்பி தங்கைகளே, நம்மில் பலர் குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். வீட்டில் நம்மை நம்புகிறார்கள். நாம் 'இது கம்பெனி பெயர்' என்றால் கம்பெனி பெயர்தான். 'சிலிண்டர் போய்விட்டது' என்றால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் நம் தவற்றை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள், மிதித்துக்கொண்டே இருப்பார்கள்.

வண்டி இன்றும் ஓடுகிறது. இப்போது தம்பிதான் ஓட்டுகிறான். அதன் பிறகு இரண்டு முறை கிளட்ச் மாற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நானே மாட்டினேன். அப்பா மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இதுல ஏதோ எழுதியிருக்கு பாரு."

கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துச் சொன்னேன்.